ஊசிக்கு அனுமதி

ஊசி போடுவதற்கு முன்னால் 'போடலாமா?' என்று கேட்ட டாக்டரை ஐம்பது வயது தாண்டிய பிறகுதான் பார்த்தேன். அதுவரை எனக்கு ஊசி போட்டவர்கள் எல்லோரும் 'கையை நீட்டு' என்ற கூட்டம்தான். தில்லியில் ஒரு பெரிய அரசு மருத்துவமனை. மறுநாள் எனக்குக் கர்ப்பப்பையை எடுக்கும் ஆபரேஷன். காலையில் ஒரு பெண் டாக்டர் கட்டிலருகே வந்து நின்றார். என் மகளைவிட இரண்டு மூன்று வயது மூத்தவராக இருக்கலாம். பக்கத்தில் ஸ்டூலில் என் கணவர் உட்கார்ந்திருந்தார். டாக்டர் எங்கள் இருவருக்கும் சேர்த்து இந்தியில் நிதானமாக விளக்கினார்.

கர்ப்பப்பையில் இருக்கும் கட்டி பெரியது. ஆபரேஷன் நேரம் பிடிக்கும். எனக்கு உடம்பு கனம். காலில் நரம்பு சுருண்டு புடைத்திருக்கிறது. இப்படிப்பட்டவர்கள் ஆபரேஷனுக்குப் பிறகு அசையாமல் படுத்துக் கிடந்தால் காலுக்குள் ரத்தம் உறைந்துபோகும். உறைந்தது அங்கேயே இருந்தால் வீக்கம், வலி. பிய்த்துக்கொண்டு மேலே போய் நுரையீரலை அடைத்தால் ஆளே போய்விடலாம். அது நடக்காமல் இருக்க மூன்று காரியம் செய்வார்கள். தொடை வரை இறுக்கமான காலுறை, சீக்கிரம் எழுப்பி நடக்க வைப்பது, தினமும் வயிற்றுத் தோலில் ஓர் ஊசி. முதல் ஊசி இன்று சாயங்காலம்.

இவ்வளவையும் சொல்லிவிட்டு டாக்டர் சற்றுத் தயங்கினார். "இந்த மருந்தைப் பன்றியின் குடலிலிருந்து எடுக்கிறார்கள்" என்றார். "சிலருக்கு ஆட்சேபம் இருக்கும். அதனால் கேட்டுவிட்டுத்தான் போடுவேன்."

எங்கள் வீட்டில் பன்றி என்ற சொல், மாடி வீட்டுக்காரர் காரை நிறுத்தும் லட்சணத்தைப் பற்றிப் பேசும்போது மட்டும்தான் வரும். நாங்கள் இருவருமே திருநெல்வேலிப் பக்கத்துச் சைவக் குடும்பம். சைவம் என்றால் காய்கறி சாப்பிடுகிற சைவம் மட்டுமில்லை. என் கணவர் சிவ தீட்சை வாங்கியவர். லோதி ரோடு அரசாங்கக் குடியிருப்பில் ஸ்டோர் ரூமுக்கென்று கட்டிய அறையைப் பூசை அறையாக்கி, காலையும் மாலையும் முறைப்படி பூசை செய்கிறவர். தில்லிக்கு வந்து அவர் முதன்முதலில் கற்றுக்கொண்ட இந்தி வாக்கியம், 'பையா, இஸ்மே அண்டா தோ நஹீன் ஹை?' என்பதுதான். முட்டை இல்லை என்று கடைக்காரர் சத்தியம் செய்த பிறகும் கேக்கைத் தொடமாட்டார். கேட்டது ஒரு மரியாதைக்கு.

கல்யாணமான சில வருஷத்தில் என்னையும் தீட்சை வாங்கிக்கொள்ளச் சொன்னார். வாங்கிக்கொண்டேன். எனக்கென்று தனியாக அதில் வேண்டுதல் ஒன்றும் கிடையாது. தீட்சை இல்லாதவள் சமைத்ததை நைவேத்தியமாக வைக்க முடியாது என்றார். வாங்கினால் அவர் நிம்மதியாக இருப்பார் என்று தோன்றியது. அன்றிலிருந்து தினமும் குளித்துவிட்டு, காப்பி குடிக்காமல், நைவேத்தியத்துக்கு உலை வைப்பது என் வேலை. அதற்குப் பிறகுதான் டிபன், டப்பா, ஆபீஸ் எல்லாம்.

டாக்டர் காத்துக்கொண்டிருந்தார். என் கணவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். வேறு மருந்து கிடையாதா என்று கேட்டார். இருக்கிறது, செயற்கையாகச் செய்வதும் உண்டு, ஆனால் அம்மாவின் கிட்னி இருக்கும் நிலையில் எங்கள் யூனிட்டில் இதைத்தான் நம்புகிறோம் என்றார் டாக்டர். இவர் கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டு, "ஷாம் தக் பதாயேங்கே" என்றார். சாயங்காலத்துக்குள் சொல்கிறோம் என்று பன்மையில் சொன்னார். டாக்டர் என்னைப் பார்த்தார். நான் என் விரல் நகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அந்த இடத்தில் எனக்கு ஒன்றும் தோன்றவில்லை என்பதைச் சொல்லிவிட வேண்டும். கட்டி என்று முதலில் சொன்ன நாளிலிருந்தே எனக்குள் எல்லாம் மரத்துப்போயிருந்தது. அழுகை வரும் என்று கைப்பையில் கைக்குட்டை வைத்துக்கொண்டுதான் ஸ்கேன் முடிவை வாங்கப் போனேன். வரவில்லை. திரும்பும் வழியில் ஐ.என்.ஏ. மார்க்கெட்டில் இறங்கி, ஆபரேஷனுக்குப் பிறகு வேண்டியிருக்கும் என்று புழுங்கலரிசியும் சுண்டைக்காய் வற்றலும் வாங்கினேன். மறுநாள் ஆபீசில் லீவு எழுதிக் கொடுத்தபோது, என்னைவிட என் செக்‌ஷன் ஆபீசர்தான் அதிகமாகக் கலங்கினார். எனக்குப் பசித்தது, தூக்கம் வந்தது, பல் விளக்கினேன். பயம் மட்டும் எங்கேயோ வழி தவறிப் போயிருந்தது.

டாக்டர் போனதும் இவர் எழுந்தார். "அண்ணாச்சிகிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கிடுதேன்" என்றார்.

அண்ணாச்சி என்பது இவருடைய மூத்த அண்ணன். திருநெல்வேலியில் இருக்கிறார், தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். எங்கள் வீட்டில் மகளுக்குப் பெயர் வைத்ததிலிருந்து குளிர்பதனப் பெட்டி எந்தச் சுவரோரம் நிற்க வேண்டும் என்பது வரை அவரிடம் கேட்டுத்தான் நடந்தது. இவர் வெளியே போய், கொஞ்ச நேரத்தில் திரும்பி வந்தார்.

"பூசையில இருக்காவ. முடிஞ்சதும் பேசுதேன்."

பூசை முடிந்தது. அண்ணாச்சி பேசினார். ஆனால் அவரும் உடனே சொல்லவில்லை. மடத்தில் விவரம் தெரிந்தவர் ஒருவர் இருக்கிறார், அவரிடம் கேட்டுவிட்டுச் சொல்கிறேன் என்றாராம். மடத்துக்காரர் அன்றைக்கு ஏதோ குருபூசைக்கு வெளியூர் போயிருந்தார். நாங்கள் இருவரும் மத்திய அரசில் வேலை பார்க்கிறவர்கள். ஒரு ஃபைல் மேலே போனால் எப்படிப் போகும், எங்கே தங்கும், யார் மேஜையில் தூங்கும் என்பது எங்களுக்குப் புதிதில்லை. அன்று நான்தான் ஃபைல்.

மதியம் மகள் வந்தாள். குர்காவோனில் வேலை பார்க்கிறாள். தில்லியில் பிறந்தவள், தமிழ் பேசுவாள், ஆனால் நடுவில் மூச்சு வாங்குகிற மாதிரி இந்தி வந்துவிடும். விஷயத்தைக் கேட்டுவிட்டு, "இதிலே யோசிக்க க்யா ஹை?" என்றாள். ஒரு நோயாளிக்கு ஒரு பாஸ்தான் என்பதால் அவளைக் கீழே அனுப்பிவிட்டு இவர் இருந்தார். பிறகு இவர் இறங்கிப் போய் அவளை மேலே அனுப்பினார். வார்டுக்குள் சிக்னல் சரியாகக் கிடைக்காது. போன் வரும் என்று சாயங்காலம் மறுபடி கீழே போனார். மகளும் வீட்டுக்குக் கிளம்பியிருந்தாள்.

அந்த நேரத்தில்தான் சிஸ்டர் டிரேயுடன் வந்தார். மலையாளி. என்னோடு பேசுவதற்காக அவர் ஒரு தமிழ் வைத்திருந்தார்.

"சேச்சி, இஞ்செக்‌ஷன். டாக்டர் சம்மதம் கேட்டல்லோ? பதில் பறஞ்சோ?"

"இன்னும் இல்ல."

"இப்போ பறஞ்சா மதி, போதும். வேண்டாமெங்கில் நான் எழுதணும்."

"போடுங்க" என்றேன்.

நான் துணிச்சலாக முடிவெடுத்தேன் என்று யாராவது நினைத்துக்கொண்டால் அது தப்பு. சிவனையும் நினைக்கவில்லை, பன்றியையும் நினைக்கவில்லை. பஸ் வந்து நின்றால் ஏறுவது மாதிரிதான். சிஸ்டர் தொப்புளுக்குப் பக்கத்தில் தோலைக் கிள்ளிப் பிடித்துச் செங்குத்தாகக் குத்தினார். சுருக்கென்று ஒரு எரிச்சல். தேய்க்கக் கூடாது, நீலமாகக் கன்றிவிடும் என்றார். அவ்வளவுதான்.

அவர் அடுத்த கட்டிலுக்குப் போன பிறகு இவர் மாடிப்படி ஏறி மூச்சு வாங்க வந்தார்.

"அண்ணாச்சி சொல்லிட்டாவ. உசுருக்கு வேண்டி எடுக்க மருந்துன்னா தோஷமில்லையாம். ஆனா அந்த ஊசி போடுத வரைக்கும் நைவேத்தியம் மட்டும் நீ பண்ண வேண்டாம்னுட்டாவ."

"போட்டாச்சு" என்றேன்.

"எப்பம்?"

"இப்பம்தான்."

கையில் பிளாஸ்க்கோடு நின்றார். கோபப்படுவாரோ என்று பார்த்தேன். படவில்லை.

"எந்தப் பக்கம்?" என்றார்.

"இடது பக்கம்."

சரி என்பது போலத் தலையாட்டிவிட்டு பிளாஸ்க்கைக் கீழே வைத்தார். வலது பக்கம் என்றிருந்தால் அண்ணாச்சியிடம் இன்னொரு தடவை பேசியிருப்பாரோ என்னவோ.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. கண் விழித்தபோது இரண்டு காலிலும் தொடை வரை வெள்ளைக் காலுறை, அதற்கு மேல் பட்டை சுற்றி ஒரு மெஷினில் மாட்டியிருந்தார்கள். பட்டையில் காற்று ஏறி காலைப் பிடிக்கும், பிறகு பெருமூச்சு விட்டு விடும். மறுநாள் அந்த மெஷினை வேறொருவருக்கு வேண்டுமென்று கழற்றிக்கொண்டு போனார்கள். எனக்கு அந்த மெஷின் போனது கொஞ்சம் வருத்தமாக இருந்தது. அந்த வார்டில் தன்பாட்டுக்கு வேலையைச் செய்துகொண்டு யாரிடமும் எதுவும் கேட்காமல் இருந்தது அது ஒன்றுதான்.

அடிவயிற்றில், தையலைச் சுற்றி ஒரு சாண் அளவுக்கு உணர்ச்சியே இல்லை. தொட்டால் வேறு யாருடைய வயிற்றையோ தொடுவது போல இருந்தது. நரம்பு வெட்டுப்பட்டால் அப்படித்தான், போகப் போகச் சரியாகும் என்றார் டாக்டர். நான் சரி என்றேன். உள்ளேயும் அப்படித்தான் இருக்கிறது என்று சொல்லியிருக்கலாம். அதற்கு எந்த டிபார்ட்மென்ட் என்று தெரியவில்லை.

மெஷினைக் கழற்றிய அன்றே நடக்க வைத்தார்கள். ஜனக்புரியிலிருந்து மெட்ரோ பிடித்து என்னைப் பார்க்க வந்த பழைய தோழிக்கு அது பொறுக்கவில்லை. "ஆபரேஷன் பண்ணின உடம்பு, படுக்க விடாம என்ன அவசரம்?" என்று சிஸ்டரிடமே சண்டைக்குப் போனாள். சிஸ்டர் சிரித்துக்கொண்டே என்னைக் கட்டிலிலிருந்து இறக்கினார். படுத்திருக்கும்போதும் பாதத்தைத் தையல் மெஷின் மிதிக்கிற மாதிரி மேலும் கீழுமாக ஆட்டிக்கொண்டே இருக்கச் சொன்னார்கள். ஆட்டினேன். தோழி ஏதேதோ பேசிக்கொண்டிருந்தாள், நான் காலால் யாருக்கோ சட்டை தைத்துக்கொண்டிருந்தேன்.

காரிடாரில் நடக்கும்போது இவர் கூடவே வருவார். ஒரு கை என் முழங்கையில். இன்னொரு கையில் என்னுடைய மூத்திரப் பை. அதைத் தரையில் இடிக்காமல், குழாய் இழுபடாமல், இடுப்புக்குக் கீழே இறக்கிப் பிடித்துக்கொண்டு, எதிரே வருகிறவர்களுக்கு வழிவிட்டு நடப்பார். முகம் சுளிக்கவில்லை. அதற்கு அவர் யாரிடமும் கேட்கவும் இல்லை. இந்த மனிதரை எந்தக் கணக்கில் வைப்பது என்று எனக்கு அப்போதும் புரியவில்லை.

வீட்டுக்கு அனுப்பும்போது பரிசோதனை முடிவும் வந்தது. கட்டியில் புற்று இருந்திருக்கிறது. ஆரம்ப நிலை, முழுதாக எடுத்தாகிவிட்டது, இனி அவ்வப்போது வந்து காட்டினால் போதும் என்றார்கள். மகள் என் தோளில் சாய்ந்து அழுதாள். இவர் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டார். நான் டாக்டரிடம், தலைக்குக் குளிக்கலாமா என்று கேட்டேன். குளிக்கலாம். ஆனால் புற்று இருந்ததால் ரத்தம் உறையும் ஆபத்து இன்னும் கொஞ்ச நாள் நீடிக்கும். அதனால் வீட்டிலும் ஒரு மாதம் அந்த ஊசி.

யார் போடுவது என்று பேச்சு வந்தது. மகளுக்கு ஊசியைக் கண்டாலே கண் இருட்டும். எனக்குக் குனிந்து வயிற்றைப் பார்க்க முடியாது. சிஸ்டர் இவரைப் பார்த்தார். இவர் ஒரு கணம் நின்றுவிட்டு முழுக்கைச் சட்டையை மடித்துவிட்டுக்கொண்டார். சிஸ்டர் கொடுத்த ஈரப் பஞ்சில் குத்திப் பழகியதில், மூன்றாம் தடவையே அவருக்குக் கை படிந்துவிட்டது. சிஸ்டர் மெச்சிக்கொண்டார்.

வீட்டில் எங்கள் காலை இப்படி ஆயிற்று. இவர் எழுந்து குளிப்பார். நைவேத்தியம் சமைப்பார். பூசை செய்வார். பிறகு ஃப்ரிட்ஜ் மேல் இருக்கும் டப்பாவிலிருந்து ஊசியை எடுத்து வந்து, கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, நேற்று இடது என்றால் இன்று வலது பக்கம் போடுவார். ஊசியைப் பத்திரமாக ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு மூடுவார். பிறகு துண்டை எடுத்துக்கொண்டு போய் மறுபடி குளிப்பார்.

அது ஜனவரி. வெளியே பனிமூட்டத்தில் எதிர் பிளாக் தெரியாது. முதல் நாள் ஏதோ தண்ணீர் சத்தம் என்று நினைத்தேன். இரண்டாம் நாள்தான் புரிந்தது.

"அதான் பூசை முடிஞ்சுட்டே. எதுக்கு இன்னொரு குளி?" என்றேன்.

"சாயங்காலப் பூசை இருக்குல்லா."

"அதுக்குச் சாயங்காலம் குளிப்பீங்களே."

அவர் தலையைத் துவட்டிக்கொண்டே அடுத்த அறைக்குப் போய்விட்டார்.

சனிக்கிழமை வீட்டில் இருந்த மகள் இதைப் பார்த்துவிட்டாள். அவள் என்னை மாதிரி இல்லை, நேரே பாத்ரூம் வாசலில் போய் நின்றாள்.

"அப்பா, யே க்யா ஹை? அம்மாவைத் தொட்டா ஏன் குளிக்கிறீங்க? அம்மா கந்தீ ஹை க்யா? அழுக்கா?"

"அம்மாவைத் தொட்டதுக்கு இல்ல, தாயி. மருந்தைத் தொட்டதுக்கு."

"மருந்து இப்போ எங்கே இருக்கு? அம்மா உள்ளேதானே இருக்கு?"

இவர் துண்டைப் பிடித்தபடி நின்றார். "உனக்கு வெளங்காது" என்றார். உண்மையில் அவருக்கும் விளங்கவில்லை என்று முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. எனக்குச் சிரிப்பு வர வேண்டிய இடம் அது. தையல் வலிக்குமே என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டேன். சிரிப்பு வரவில்லை, அதனால் தையலும் வலிக்கவில்லை.

நைவேத்தியமும் அவர்தான் செய்தார். குக்கர் எத்தனை விசில் என்று ஒவ்வொரு நாளும் சமையலறையிலிருந்து கேட்பார், நான் படுத்தபடி சொல்வேன். சாமி என்ன நினைத்ததோ தெரியாது, பிரசாதமாக என்னிடம் வந்தபோது பொங்கல் அடிபிடித்திருந்தது. இத்தனை வருஷமாக என் கையால் செய்ததை வேண்டாம் என்று ஒதுக்கி வைத்திருக்கிறார்களே என்று மனது வலிக்கும் என எதிர்பார்த்தேன். வலிக்கவில்லை. விட்டது தொல்லை என்றாவது இருக்குமா என்று பார்த்தேன். அதுவும் இல்லை. பொங்கலைச் சாப்பிட்டேன்.

ஆனால் படுத்துக் கிடப்பவளுக்கு யோசிக்க மட்டும் நேரம் இருக்கிறது. ஒரு கேள்வி வந்து உட்கார்ந்துகொண்டது. அன்றைக்கு நான் சுயநினைவோடு இருந்தேன். சிஸ்டர் கேட்டார், போடுங்க என்றேன். ஒருவேளை எனக்கு நினைவில்லாமல் இருந்து, அந்த டாக்டர் இவரிடம் மட்டும் கேட்டிருந்தால்? என் உயிருக்கும் பன்றிக்கும் நடுவில் இவரை நிறுத்தி வைத்துவிட்டு எல்லோரும் விலகிக்கொண்டிருந்தால்? காலையில் கேட்ட கேள்விக்குச் சாயங்காலம் வரை இவரிடம் பதில் இல்லை. அது எனக்குத் தெரியும். எனக்குத் தெரிய வேண்டியது அதற்கு மேலே ஒன்று. இவர் கடைசியில் என்ன சொல்லியிருப்பார்?

கேட்டுவிடலாம் என்று தினமும் நினைப்பேன். ஊசியோடு வந்து உட்காருவார். தோலைக் கிள்ளிப் பிடிப்பார். 'வலிக்கா?' என்பார். அந்த இடம் மரத்திருந்ததால், 'இல்ல' என்பேன். கேட்க மாட்டேன். வருகிற பதில் தப்பாக இருந்தால், அதை வைத்துக்கொண்டு மிச்ச வருஷங்களை என்ன செய்வது?

ஊசி மாதம் பாதிக்கு மேல் போன ஒருநாள் காலை. எழுந்ததும் இடது கால் வேறு யாருடையதோ மாதிரி கனத்தது. ராத்திரி கழற்றச் சோம்பல்பட்டு விட்ட காலுறையோடு இருந்தேன். அதை இறக்கிப் பார்த்தேன். முழங்காலுக்குக் கீழே வீங்கி, கெண்டைக்கால் கல் மாதிரி இறுகியிருந்தது. பாதத்தை மடக்கினால் வலித்தது. இவரைக் கூப்பிட்டேன். அப்போதுதான் குளித்துவிட்டு வந்திருந்தார். பார்த்ததும் குனிந்து காலைப் பிடிக்க வந்தார்.

"அமுக்காதீங்க. அமுக்கக் கூடாதுன்னு சொல்லியிருக்காங்க."

கையை இழுத்துக்கொண்டார். அதற்குப் பிறகு அவர் செய்தது எதிலும் தயக்கமே இல்லை. சட்டையை மாட்டினார். என் ஷாலை எடுத்தார். மருத்துவமனைக் காகிதங்கள் இருந்த பையை எடுத்தார். கீழே இறங்கி ஓடி ஆட்டோ பிடித்து வந்தார். ஆட்டோவில் ஏறிய பிறகுதான் கவனித்தேன், நெற்றியில் திருநீறு இல்லை. கல்யாணமான நாளிலிருந்து அந்த நெற்றியை அப்படி நான் பார்த்ததில்லை. அன்று பூசை நடக்கவில்லை.

எமர்ஜென்சியில் உட்கார வைத்து, அங்கிருந்து ஸ்கேன் அறைக்கு அனுப்பினார்கள். வாசலில் கூட்டம். இவர் யாரையோ கெஞ்சி எனக்கொரு சக்கர நாற்காலி கொண்டு வந்தார். உள்ளே ஒருவர் தொடையிலிருந்து கணுக்கால் வரை குளிர்ந்த பசையைத் தடவி, கருவியை வைத்து அங்கங்கே அழுத்தி அழுத்திப் பார்த்தார். அழுத்தும்போது நரம்பு தட்டையானால் உள்ளே ஒன்றுமில்லை என்று அர்த்தம், தட்டையாகாமல் நின்றால் ரத்தம் உறைந்திருக்கிறது என்று அர்த்தமாம். நான் திரையைப் பார்க்கவில்லை. கதவுக்கு அந்தப் பக்கம் தெரிந்த இவருடைய செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு இடத்தில் நிற்கவே இல்லை அந்தச் செருப்பு.

"சாஃப் ஹை" என்றார் ஸ்கேன் எடுத்தவர். சுத்தமாக இருக்கிறது.

காலுறை ராத்திரி சுருண்டு முழங்காலுக்குக் கீழே கயிறு மாதிரி இறுக்கியிருக்கிறது. அதோடு நான் சில நாளாக நடையைக் குறைத்துவிட்டு நாற்காலியில் காலைத் தொங்கப் போட்டு உட்கார்ந்திருக்கிறேன். இரண்டும் சேர்ந்து வந்த வீக்கம். எமர்ஜென்சி டாக்டர் என்னைப் பிடித்து ஒரு வாங்கு வாங்கினார். வீடு நிறைய ஆள் இருந்து என்ன, நடக்க வேண்டியது நீங்கள்தானே என்றார். ஊசியை ஒருநாள்கூட விடாதீர்கள், இன்றைய ஊசி போட்டாயிற்றா என்று கேட்டார். இல்லை என்றதும் அங்கேயே போட்டு அனுப்பினார்கள். இவர் அந்த டாக்டரைப் பார்த்துக் கை கூப்பினார்.

திரும்பும் ஆட்டோவில் வெயில் வந்திருந்தது. இவர் முன்கம்பியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஒரு சிக்னலில் வண்டி நின்றபோது, நான் யோசிக்காமலே கேள்வி வெளியே வந்துவிட்டது.

"ஒண்ணு கேக்கட்டுமா?"

"கேளு."

"அன்னைக்கு எனக்கு நெனவில்லாம கெடந்து, அந்த டாக்டர் உங்ககிட்ட மட்டும் கேட்டிருந்தா, என்ன சொல்லியிருப்பீங்க?"

அண்ணாச்சியிடம் கேட்டிருப்பேன் என்பார் என்று நினைத்தேன். அதற்கு என்னிடம் பதில் தயாராக இருந்தது, நல்ல காட்டமான பதில். சிக்னல் விழுந்து வண்டி கிளம்பியது. அவர் ரோட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"உன்கிட்ட கேட்டிருப்பேன்."

"எனக்குத்தான் நெனவில்லையே."

"நெனவு வரட்டும்னு இருந்திருப்பேன்."

"அண்ணாச்சி சரின்னு சொல்லியிருந்தாலுமா?"

"அவுக சொன்னா எனக்குச் சரி. நீயும் தீட்சை வாங்கினவல்லா. உனக்குத் தெரியாம உன் ஒடம்புல அதை எப்படி ஏத்தச் சொல்லுவேன்? பொறவு முழிச்சு நீ கேட்டா நான் என்ன சொல்ல?"

நான் அந்தத் தீட்சையை வாங்கியதே இவருக்காகத்தான். அது இத்தனை வருஷமாக இவருக்குத் தெரியவே தெரியாது. என் விரதம் கெடக்கூடாது என்று இவர் என் தலைமாட்டில் உட்கார்ந்து காத்துக்கொண்டே இருந்திருப்பார். மூத்திரப் பையை மாற்றிக்கொண்டு, பாதத்தைப் பிடித்து ஆட்டிக்கொண்டு, உண்மையாகவே காத்திருந்திருப்பார்.

எனக்குக் கோபம் வந்தது. கட்டி என்று கேட்டபோது வராதது, புற்று என்றபோது வராதது, அந்த ஆட்டோவில் அடிவயிற்றிலிருந்து கிளம்பி வந்தது. தையல் இருந்த இடம் சுள்ளென்று இழுத்தது.

"அதுக்குள்ள ரத்தம் உறைஞ்சு நான் போயிருந்தா?"

அவர் கம்பியைப் பிடித்திருந்த கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"போயிருப்ப" என்றார். "அதைத்தான் ஒவ்வொரு நாளும் ஊசி போடையில நெனைக்கேன்."

குடியிருப்பு வந்துவிட்டது. எந்த கேட் என்று ஆட்டோக்காரர் திரும்பிப் பார்த்துக் கேட்டார். இவர் என்னைப் பார்த்தார். இரண்டாவது கேட் என்று நான்தான் சொன்னேன்.